பொது வரைபடம்

வரைபடத்திலிருந்து அந்த அறை மறுபடியும் காணாமல் போனது.

சென்னைக் கல்லூரியில் பேராசிரியையான அவள், திரைக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இரண்டு கல்லூரிகளின் கட்டடக்கலை மாணவர்கள் ஒரே வரைபடத்தில் வேலை செய்யும் முதல் நாள். சென்னையில் இருக்கும் பெரிய கணினிகளை தர்மபுரிப் பக்கத்துக் கல்லூரியும் பயன்படுத்த ஓர் இணைப்பு வேண்டும் என்று, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவள் அவள்தான். அங்கே பாதிப் பேரிடம் மடிக்கணினி கிடையாது.

வரையச் சொன்னது ஓர் அரசு மருத்துவமனை.

தர்மபுரியிலிருந்து ஒரு மாணவியின் மவுஸ், பச்சை அம்புக்குறியாகத் திரைக்கு வந்திருந்தது. பக்கத்தில் தீபலட்சுமி என்று பெயர். பிரசவ வார்டை ஒட்டி நீளமாக ஓர் அறையை வரைந்தது. ‘கூட வந்தவங்க படுக்க’ என்று எழுதியது.

சென்னையின் நீல அம்புக்குறி அதை அழித்தது.

பச்சை திரும்ப வரைந்தது. கொஞ்சம் சிறியதாக.

நீலம் அதையும் எடுத்துவிட்டு அங்கே ஒரு நீரூற்றை வைத்தது.

பச்சை இப்போது சுவரோரமாக ஒரே ஒரு பெஞ்சு போட்டது.

அதுவும் போனது.

அவள் எழுந்து நீலத்திடம் போனாள். ரித்விக். கெட்ட பையன் இல்லை.

“பிளான் கிளீனா இல்ல மேம். அவங்களுக்கு இதெல்லாம் புதுசுல்ல, பாவம். நாங்களே முடிச்சிடுறோம்.”

அறையைத் திரும்ப வைக்கச் சொன்னாள். முகம் சுளிக்காமல் வைத்தான். ஒரு விசையைத் தட்டினான், அறை வந்துவிட்டது.

பச்சை வரவில்லை.

தர்மபுரிப் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து மங்கின. தீபலட்சுமி. சங்கவி. மாதையன்.

எங்காவது கேபிள் அறுந்திருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். கேபிள் என்றால் ஆளை அனுப்பிச் சரிசெய்துவிடலாம்.

அங்கிருந்த விரிவுரையாளர் வடிவழகனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். கரண்ட் போய்விட்டதா என்று கேட்டாள்.



“கரண்ட் இருக்குங்க மேடம். நெட்டும் நல்லாத்தான் வருது. பிள்ளைங்கதான், நாங்க பேப்பர்லயே வரைஞ்சுக்கிறோம் சார்னு சொல்லிட்டாங்க.”

அவள் போனை வைத்தாள்.

பதிவாளர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். திரையில் பாதிப் பெயர்கள் இல்லாததைக் கவனித்து, லைனில் ஏதும் கோளாறா என்று விசாரித்தார்.

“இல்ல சார்” என்றாள். “லைன்ல ஒரு கோளாறும் இல்ல.”