கோல் பிடித்த கை

"விசில் அடிங்க, பிஷப்பையா. வாயில அப்பத்தை வச்சுக்கிட்டு நிக்கிறீங்களா?"

வேலிக்கு அப்பாலிருந்து ஆட்டுப்பண்ணை ஐசக் பர்கெட் குரல் கொடுக்க, ஆட்டுநாய்ப் போட்டிக்கு வந்திருந்த, இங்கிலாந்தின் கம்பர்லாந்து மேய்ப்பர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஓய்வுபெற்ற பிஷப் லயனல் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. எதிர்ச் சரிவில் நிற்கும் ஆறு ஆடுகளை அவருடைய நாய் மெக் ஓட்டி வந்து பட்டியில் அடைக்க வேண்டும். பத்து நிமிஷம்தான்.

வம்பு போன வருஷம் மதுக்கடையில் ஆரம்பித்தது. சுரங்க ஊரில் உதவிக் குருவாகத் தொடங்கி, பிஷப்பாகி, எழுபது வயதில், பிஷப்பின் அடையாளமான மேய்ப்பன் கோலைப் பேராலயத்தில் வைத்துவிட்டு இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தவர் அவர். இருபது வருஷம் மேய்ப்பன் கோல் பிடித்தவர் ஒரு ஆட்டையாவது மேய்த்ததுண்டா என்று ஐசக் கேட்டுவிட்டான். அவருக்குச் சுருக்கென்று தைத்தது. இந்த வருஷப் போட்டியில் அவர் நாயை ஏவி ஆடுகளைப் பட்டியில் அடைக்க வேண்டும் என்று பந்தயம் கட்டினார்கள். அவர் ஜெயித்தால், கல்யாணத்துக்குப் பிறகு கோயில் வாசலை மிதிக்காத ஐசக் ஞாயிறுதோறும் வர வேண்டும். தோற்றால், ஊரில் யாரையும் அவர் கோயிலுக்குக் கூப்பிடக் கூடாது. ஐசக் பெருந்தன்மையாகத் தன் நாய்களில் ஒன்றையே கொடுத்தான்.

பிஷப் விசில் அடிக்கவில்லை, கத்தவுமில்லை. வளைந்த கைத்தடியை உயர்த்தி இடப்பக்கம் சாய்த்தார். மெக் சிட்டாகப் பறந்தது. பாதி தூரத்தில் நின்று அவரைத் திரும்பிப் பார்த்தது.

"பாருங்கய்யா, நாயே வழி கேக்குது," என்றான் ஐசக்.

கைத்தடி வலப்பக்கம் சாய்ந்தது. மெக் ஆடுகளை வளைத்துச் சேர்த்து, வழியில் போட்டிக்காக நட்டிருந்த இரண்டு வாசல்களையும் தாண்டிக் கொண்டுவந்தது. சிரிப்பு ஓய்ந்தது. ஒரு கிழட்டு ஆடு மட்டும் பட்டி வாசலில் முரண்டு பிடித்தது. பிஷப் கைத்தடியை மெல்ல இறக்க, மெக் அப்படியே படுத்தது. ஆடு சற்று யோசித்துவிட்டு உள்ளே போனது. பட்டிக் கதவைச் சாத்தியபோது பிஷப்புக்கு வந்த சந்தோஷம், பதவியேற்ற அன்றுகூட வந்ததில்லை.

கைதட்டல் அடங்கியதும் ஐசக் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

"ஒரு உண்மையைச் சொல்லிடுறேன், பிஷப்பையா. மெக்குக்குப் பிறந்ததுலேருந்தே காது கேக்காது. உங்களைத் தோக்கடிக்கத்தான் அதைக் கொடுத்தேன்."

"முதல் நாளே தெரிஞ்சுபோச்சு, ஐசக்கு. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வந்து முன்வரிசையில உக்காரு," என்றார் பிஷப். "நாப்பது வருஷம் பிரசங்கம் பண்ணவன்யா நான். காது கேக்காத மந்தையை மேய்க்க எனக்கா சொல்லிக்கொடுக்கணும்?"