செவ்வாய் மாலை வகுப்பு

டாலியா படிவத்தை அம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நகத்துக்குப் பச்சைச் சாயம் பூச உட்கார்ந்தாள்.

"கையெழுத்துப் போட்டாலும் சரி, போடாட்டியும் சரி. எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா."

அம்மா கொன்சுவேலோ கையிலிருந்த டார்ட்டியா ரொட்டியைத் தட்டில் போட்டாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் படுக்கை விரிப்பு மடித்துவிட்டு வந்து இப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை விரல்நுனியால் இழுத்தாள்.

பள்ளியில் பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டே, மாலையில் நெடுஞ்சாலைக்கு அப்பால் இருக்கும் கல்லூரியில் ஆங்கிலம் படிக்கலாம். மதிப்பெண் இரண்டு இடத்திலும் சேரும். கட்டணம் கிடையாது. புத்தகம்கூடப் பள்ளியே கொடுத்துவிடும்.

புத்தகம்கூட என்ற இடத்தில் அவள் கண் நின்றுவிட்டது.

வயிற்றில் ஏதோ எரிந்தது. மிளகாய்க் குழம்புதான் என்று முதலில் நினைத்தாள். ஆனால் இந்த எரிச்சலை அவளுக்குத் தெரியும். தங்கை நதீன் புது வண்டி வாங்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்று வந்தது இதேதான்.

அது தங்கை மேல். இது பெற்ற மகள் மேல்.

பதினாறு வயதில் அவள் முன்னால் யாரும் இப்படி ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்ததில்லை. பள்ளி முடிந்த வாரமே சலவைக்கூடத்துக்குப் போனவள் அவள்.

டாலியா நகத்தை ஊதிக்கொண்டிருந்தாள்.

போன மாதம் அவள் சரித்திரக் கட்டுரை எழுதியதைக் கொன்சுவேலோ பார்த்திருக்கிறாள். கட்டிலில் கவிழ்ந்து படுத்து, சிப்ஸ் தின்றுகொண்டே எழுதினாள். எங்கேயும் ஓர் அடித்தல் இல்லை. அதற்குத்தான் வகுப்பிலேயே அதிக மதிப்பெண்.

"பதினொண்ணாவதே கஷ்டம்டீ," என்றாள் கொன்சுவேலோ. "வாலிபால் வேற இருக்கு. அங்க வாங்குற மார்க்கு கடைசி வரைக்கும் கூடவே வரும். ஒரு தடவ சொதப்பிட்டா அழிக்கவே முடியாது."

பொய் ஒன்றும் இல்லை. எந்த நல்ல அம்மாவும் சொல்லக்கூடியதுதான். தன் குரல் இவ்வளவு கனிவாக வருவதைக் கேட்க அவளுக்கே கூசியது.

"சரி, அப்ப வேணாம்."

டாலியா, ஈர நகம் படாமல், படிவத்தை நான்காக மடித்தாள்.

அவ்வளவுதான்.

கொன்சுவேலோவுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கேட்காமலே கிடைக்கிறது இவளுக்கு. வேண்டாம் என்று தூக்கிப் போடவும் முடிகிறது. தூக்கிப் போட முடிவதுதான் அதிகம் எரிந்தது.

"நல்லதாப் போச்சு," டாலியா அடுத்த விரலுக்கு வந்தாள். "அந்த ஹால்வொர்சன் வாத்தியார் பெரிய முசுடாம். செவ்வாய்க்கிழமை ஆறு மணி கிளாஸாம். பாதிப் பேர ஃபெயில் ஆக்கிடுவாராம்."

"பாதியெல்லாம் இல்ல. எட்டே பேருதான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவள் காதில் விழுந்தது.

சாயத் தூரிகை நின்றது. டாலியா மெல்ல நிமிர்ந்தாள்.

"செவ்வாய்க்கிழமை நீ சர்ச்சுக்கு ஜெபமாலை சொல்லத்தானே போற?"

கொன்சுவேலோ எழுந்து குழாயைத் திறந்தாள். கழுவ எதுவும் இல்லை. மூடினாள்.

ஜனவரியிலிருந்து மே வரை அந்த வகுப்பை ஒரு செவ்வாய்கூடத் தவறவிட்டதில்லை. நதீனுக்குத் தெரிந்தால் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அதனால் நோட்டுப்புத்தகத்தைக் கார் டிக்கியில், மாற்று டயருக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். ஒரே பத்தியை ஐந்து தடவை அடித்து அடித்து எழுதிய பக்கங்கள் அதில் இருந்தன.

"அந்த எட்டுல நானும் ஒருத்தி," என்றாள், குழாயைப் பார்த்துக்கொண்டே. "ஆகஸ்ட் கிளாஸுக்கு மறுபடியும் பேர் குடுத்திருக்கேன்."

டாலியா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டுத் தப்பித்திருக்கலாம்.

படிவம் பிரியும் சத்தம் கேட்டது. கொன்சுவேலோ திரும்பியபோது அது மேசைமேல் விரிந்து கிடந்தது. ஓரத்தில் பச்சைச் சாயம் ஈஷியிருந்தது. பக்கத்தில் ஒரு பேனா.

இவள் முதல் வாரத்திலேயே தன்னைத் தாண்டிப் போய்விடுவாள். கொன்சுவேலோவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

உட்கார்ந்தாள். கையெழுத்துப் போட்டாள். எரிச்சல் அப்படியேதான் இருந்தது.

படிவத்தை மகளிடம் நீட்டினாள். டாலியா பிடித்த பிறகும் அவள் விடவில்லை.

"ஜன்னலோரம் மொத சீட்டு என்னோடது. அங்க வந்து உக்காந்துடாத."