பதினோரு லைக்

பங்குனி வெயில் சன்னல் கம்பிகளின் வழியே மடிக்கணினித் திரையில் பட்டை பட்டையாக விழுகிறது. சொர்ணலட்சுமி முந்தானையை விரித்துத் திரைக்கு நிழல் பிடிக்கிறாள். பக்கத்து வீட்டுத் தறிச்சத்தம் ஓயவில்லை. அருகில் உட்கார்ந்திருக்கும் நாத்தனார் வினிதா, கடை மடிப்புக் கலையாத சிவப்புச் சுங்குடிச் சேலையில் மொடமொடவென்று இருக்கிறாள். அண்ணியின் வலைப்பக்கம் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று, நூறு லைக் தாண்டாத பழைய பதிவுகளையெல்லாம் அழித்துக்கொண்டே வந்தவளின் விரல் ஒன்றின் மேல் நிற்கிறது. சாயம் போகாமல் புதுச் சுங்குடியை முதன்முதலில் உப்புத் தண்ணீரில் அலசுவது எப்படி என்று மூன்று வருஷத்துக்கு முன் சொர்ணம் எழுதியது. “பதினொண்ணுதான் மதினி. அதுலயும் ஒண்ணு நான் போட்டது. தூக்கிரவா?” “செத்த பொறு.” சொர்ணம் நிதானமாக டாஷ்போர்டைத் திறந்து, அந்தப் பதிவை நாள்தோறும் எத்தனை பேர் படித்தார்கள் என்பதை மூன்று வருஷத்துக்கும் விரிக்கிறாள். தரையோடு கிடக்கும் நீலக்கோடு ஒவ்வொரு பங்குனியிலும் எழுந்து நிற்கிறது. வெயிலுக்குப் பயந்து ஊர் பருத்திக்கு மாற மாற, கோடும் ஏறுகிறது. இந்த வருஷம்தான் அதிக உயரம். “லைக் போடுறவுக வேற, தேடி வாரவுக வேற. அது இருக்கட்டும்.” வினிதா விரலை எடுத்து, முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைக்கிறாள். உள்ளங்கையில் சிவப்பு ஒட்டியிருக்கிறது. “எம்புட்டு உப்புப் போடணும் மதினி?” சொர்ணம் திரையை அவள் பக்கம் திருப்புகிறாள். “லைக் போட்டியே, இப்பவாச்சும் படி.”