லாட்டுவின் எடை

தீவுத் தலைநகரான நுகுஅலோஃபாவின் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் காலை வெயில் மேசைவரை வந்துவிட்டது. மடிக்கணினித் திரையில், நியூசிலாந்து ஆப்பிள் தோட்டக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிகிறார். அவருக்குத் தேவை இன்னும் ஒரே ஓர் ஆள். எதிரே நாற்பத்தாறு வயது ஃபுசி, அரசு அலுவலகத்துக்கு வரும் மரியாதைக்காக இடுப்பில் பாய் சுற்றி, கயிற்றால் கட்டியிருக்கிறாள். ஏற்கெனவே இரண்டு தோட்டங்கள் அவளை வேண்டாம் என்றுவிட்டன. அலுவலகப் பெண் லாட்டு, தோட்டக்காரர் சொன்னதைத் தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். "வயசு கூடுதலா இருக்கேன்னு யோசிக்கிறாருக்கா. இருபது கிலோ பையோட நாள் முழுக்க ஏணி ஏறணுமாம்." "நீ எத்தனை கிலோடி இருப்ப?" "எண்பது. எதுக்குக் கேக்குற... ஐயோ, அக்கா, வேணாம்!" ஃபுசி இடுப்புக் கயிற்றை இறுக்கிக் குனிகிறாள், லாட்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்கிறாள். லாட்டுவின் செருப்பு ஒன்று கழன்று விழுகிறது. காத்திருப்பவர்கள் சிரிக்கிற சிரிப்பில் பெஞ்சு ஆடுகிறது. ஃபுசி மட்டும் சிரிக்கவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியும் அவள் பார்வை திரையைவிட்டு அகலவில்லை. "அவரு பேனா தேடுறாருக்கா, இறக்கி விடு!" "முதல்ல என் பேரை எழுதட்டும்."