நடுவில் ஒரு தகரம்

தங்கை அஸீமாவின் பச்சைக் குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் என்று தெரிந்த அன்றே, அசனார் இரு வீட்டுக்கும் நடுவே தகர வேலி அடித்துவிட்டார்.

“இஞ்சால கால் வெச்சிராத! என்ட ஊட்டுக்கும் நோயக் கொண்டு வரப் பாக்கிறியா?”

உடுப்பெடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அஸீமா, துணிப்பையோடு திரும்பிப் போனாள்.

இரு வீட்டிலும் எல்லோர் தொண்டையிலும் சளி எடுத்துப் போன சுகாதாரப் பரிசோதகர், பத்து நாள் கழித்து முடிவோடு அசனாரிடம் வந்தார்.

“கிருமி ஒராள்ட தொண்டையில இருக்கு. அவருக்கு ஒண்டும் செய்யாது. மத்தவங்களுக்குத்தான் ஆபத்து.”

“அவள்தானே? ஊர உட்டே அனுப்புங்க சேர்!”

“நீங்கதான். கிருமி சாக இந்தக் குளிசைய இப்பவே போடுங்க.”

மக்காவுக்குப் போன உம்றா பயணத்திலிருந்து கொண்டுவந்த பேரீச்சம்பழத்தை மென்று, பிறந்த மருமகனின் வாயில் ஆசையாகத் தடவியது அசனாருக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்த் தகரத்தைப் பிடுங்கப் பார்த்தார்.

“இருக்கட்டும் காக்கா.” குணமான குழந்தையோடு அன்றுதான் வீடு திரும்பியிருந்த அஸீமா, அண்ணனைப் பார்த்தபடி அந்தப் பக்கம் நின்றாள். “இப்ப அது எனக்குத்தான் வேணும்.”