கடைசித் தொட்டி

கம்பம் ஊரிலிருந்த தன் சிறிய ஒயின் ஆலையை விற்கும் நாள் காலையில், கடைசித் தொட்டியைத் தானே கழுவ வேண்டுமென்று சூசைராஜ் பிடிவாதம் பிடித்தார். பெங்களூர் வேலையை விட்டு வரமாட்டேன் என்று மகள் ஸ்டெல்லா சொன்னதால்தான் இந்த விற்பனை. அவள் மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினாள். பாதி ஆழத்திலேயே அணைந்துவிட்டது. திராட்சை நொதித்த நச்சுக்காற்று உள்ளே தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். அது தெரிந்தும் அவர் ஏணியில் இறங்கினார்.

“வேணாம்ப்பா, மேல வாங்க.” குனிந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“நீ நடத்துறேன்னு சொல்லு, வர்றேன்.”

ஆலையை வாங்க வந்தவர் பத்திரத்தோடு வாசலில் நின்றார். ஸ்டெல்லா அந்தப் பத்திரத்தைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா இன்னும் இரண்டு படி இறங்கினார்.

“விக்க வேணாம்ப்பா. நானே நடத்துறேன்.”

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவள் பிடியிலிருந்த கை மெல்லக் கனத்தது.