பின்னால் ஒரு கால்

சர்க்கரை நோயாளிகளுக்கான புது எடைக்குறைப்பு மருந்தைச் சோதித்துப் பார்க்கும் குழுவில் ஒரு தையல்காரரும் இருந்தார். வாரம் ஒரு ஊசி. பன்னிரண்டு வாரத்தில் தன் கால்சட்டையைத் தானே மூன்று தடவை பிடித்துத் தைத்துவிட்டார். எடைமெஷின் மட்டும் பிடித்த பிடியை விடாமல் எண்பத்துநாலிலேயே நின்றது.

"இன்னிக்கும் குறையலைன்னா, மருந்து உங்களுக்குக் கேக்கலைன்னு நிறுத்திடுவாங்க சார்," என்றாள் நர்ஸ். "பாக்கெட்ல ஏதாவது இருக்கா?"

ஒன்றுமில்லை. ஆனால் அவருக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது. மருந்துக்கடையில் அவர் எடை பார்க்கும்போதெல்லாம் அவர் மனைவி பின்னால் நின்று கால் கட்டைவிரலால் மெஷினை அமுக்குவாள். "அடேயப்பா, யானைக்குட்டி!" என்பாள். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

மெஷினில் ஏறி நின்று, திரும்பிப் பார்க்காமல், "காலை எடுடி, கழுதை," என்றார் மெதுவாக.

எழுபத்தொன்று. நர்ஸ் கைதட்டிவிட்டு எழுதிக்கொண்டாள்.

அவருக்குத்தான் பகீரென்றது. செருப்பை மாட்டப் போனவர் மறுபடி ஏறி நின்றார். எழுபத்தொன்றேதான்.

"கோவிச்சுக்கிட்டியா?" என்றார்.

எழுபத்திரண்டு என்றது மெஷின். கொஞ்சம் யோசித்து, எழுபத்தைந்து.

எண்பத்துநாலு வரும்வரை அவர் இறங்கவில்லை.